தோ மின்னாவின் உத்தரவு

தோ மின்னா எழுதிய இசையை அவர் புருஷன் பேரைச் சொல்லிவிட்டு வாசித்தால் சத்தம் வராது. பியானோவாக இருக்கட்டும், பிடிலாக இருக்கட்டும், ஜெர்மனியில் எண்பது பேர் கறுப்புக் கோட்டுப் போட்டு உட்கார்ந்து வாசிக்கும் பெரிய கச்சேரியாகவே இருக்கட்டும், கை அசையும், வில் அசையும், காதில் ஒன்றும் விழாது. யாங்கோனில் போட்டாதாங் பக்கம், நாற்பத்தொன்பதாம் தெருவில், இது மழைக்காலத்தில் சுவரில் பாசி பிடிப்பது போல எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 1988-க்கு முன்னால் அப்படி இல்லை. அதுவரை யார் பேரைச் சொன்னாலும் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது, அதுதான் வினையே. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். அவர்கள் நம்பிவிட்டால் மட்டும் அரிசி விலை இறங்கிவிடப் போகிறதா?

மின்னா ஜெர்மனியில் ஓர் ஆற்றங்கரை ஊரில் பிறந்தவர். மற்ற பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் மெட்டுக் கட்டி எழுத ஆரம்பித்தவர். இளம் வயதிலேயே ஒரு சங்கீதப் புரொபசருக்கு வாழ்க்கைப்பட்டார். அந்த மனுஷனுக்கு வாத்தியக்குழுவை நடத்தத் தெரியும், மீசையை முறுக்கத் தெரியும், விருந்தில் எழுந்து பேசத் தெரியும். சொந்தமாக ஒரு மெட்டு எழுதச் சொன்னால் மட்டும் வயிற்றுவலி வந்துவிடும். கல்யாணமான முதல் வருஷம் மின்னா எழுதிய பெரிய உருப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு அச்சாபீசுக்குப் போனவர், பொம்பளை பேர் போட்டால் எவன் வாங்குவான் என்று தன் பேரைப் போட்டு அடித்துக்கொண்டு வந்தார். இந்த ஒரு தடவைதான் என்று சத்தியமும் செய்தார். ஊரான் வீட்டு நெய்யே, பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் பெண்டாட்டியுடையது, விருந்து வைத்த பேர் மட்டும் புரொபசருக்கு. இருபது வருஷத்துக்கும் மேல் இப்படியே ஓடியது. மின்னா அடுப்படிக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து எழுதுவார், புரொபசர் கையெழுத்துப் போடுவார், ஊர் கை தட்டும்.

பர்மா அரசாங்கம் ஒரு வாத்தியக்குழுவுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடிய காலத்தில் இரண்டு பேரும் ரங்கூனுக்கு வந்து சேர்ந்தார்கள். பிறகு 1964-ல் கடை கண்ணியெல்லாம் அரசாங்கத்துக்குப் போய், தமிழர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு கப்பலேறின அந்தக் கலவரத்தில் புரொபசரும் பெட்டி கட்டினார். மின்னா கட்டவில்லை. அந்நியர் பதிவு ஆபீசில் ஒரு பர்மியக் குமாஸ்தா அவரைப் பேர் என்ன என்று கேட்டிருக்கிறார். மின்னா என்றார். குமாஸ்தா 'தோ மின்னா' என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். பர்மாவில் பெண்ணுக்குக் கல்யாணமானால் வீட்டுக்குப் புருஷன் வருவான், பேருக்குப் பின்னால் வரமாட்டான். மரியாதைக்கு முன்னால் ஒரு 'தோ' சேரும், அவ்வளவுதான். அந்த ஆபீஸ் வாசலிலேயே மின்னா, நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போங்கள் என்று புரொபசரிடம் சொல்லிவிட்டார். புரொபசர் போனார், எழுதி வைத்திருந்ததையெல்லாம் ஒரு தாள் விடாமல் வாரிக்கொண்டு போனார், அங்கே போய்ப் பெரும்புகழோடு செத்தும் போனார். அந்த ஊரில் ஒரு கச்சேரி மண்டபத்துக்கே அவர் பேர் வைத்தார்கள். மின்னா நாற்பத்தொன்பதாம் தெருவின் மூன்றாம் மாடியில் ஒரு பழைய பியானோவோடும் பர்மியச் சுருட்டோடும் தங்கிவிட்டார். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். தெருவில் பேசிய பர்மியமும் தமிழும் கலந்து அவர் வாயில் ஒரு தனிப் பாஷையாக ஊறியது.

அந்தக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் கயிற்றுக் கடை வைத்திருந்தவர் இனாயத்துல்லா. அவர் பெண்டாட்டி சைதா மோல்மேனிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். யாங்கோனில் மாடி வீட்டுக்காரர்கள் பத்திரிகை வாங்கவும் காய்கறி வாங்கவும் படியிறங்கி வருவதில்லை. பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், அதன் நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு சின்ன மணி. பத்திரிகைக்காரன் கிளிப்பில் பத்திரிகையைச் செருகிக் கயிற்றை இழுத்தால் மேலே மணியடிக்கும். அந்தப் பக்கத்து மணிக்கயிறுகள் பெரும்பாலும் சைதா கையால் முறுக்கினவை. ஜனங்கள் அதை இனாயத்துல்லா கயிறு என்றுதான் சொன்னார்கள். சைதாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. புருஷன் பேர் விளங்கினால் நம்ம பேர் விளங்கின மாதிரிதானே என்று இருந்துவிட்டாள்.

1988 செப்டம்பரில் ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. சுட்டார்கள். சூலே பகோடா பக்கம் போன பிள்ளைகளில் பலபேர் திரும்பவில்லை. மறுநாள் ஒலிபெருக்கி கட்டிய லாரி தெருத்தெருவாக வந்து உத்தரவு வாசித்தது. இத்தனை மணிக்குமேல் வெளியே வரக்கூடாது, ஐந்து பேர் சேர்ந்து நிற்கக்கூடாது, ஊர்வலம் கூடாது, பேச்சுக் கூடாது. ஜனங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாம் மாடியில் மட்டும் கதவு திறந்தது. தோ மின்னா சுருட்டும் கையுமாகப் பால்கனிக்கு வந்து, லாரிக்காரன் மூச்சு வாங்கிய இடைவெளியில், தெருவே அதிரும்படி பர்மியத்தில் கத்தினார். "என் உத்தரவையும் கேட்டுக்குங்க! நான் எழுதின எதுவும் இனிமே அந்த ஆள் பேர்ல வாயைத் திறக்கக் கூடாது. இன்னார் வூட்டுக்காரின்னு சொன்னாலும் திறக்கக் கூடாது. என் பேரைச் சொன்னாத்தான் திறக்கணும்!" முனையில் நின்ற சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரக் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இறக்கிக்கொண்டான். மின்னாவை அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிடும் சைதா கடைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். "அல்லாவே, இந்த ராத்தா சும்மா கெடந்தா ஆகாதா!" என்றாள். அந்த வருஷம் போடப்பட்ட உத்தரவுகளில் ஒரு மீறல்கூட இல்லாமல் நடந்தேறியது அந்த ஒன்றுதான்.

அது நடந்தேறிய விதம் தெரிய வந்தது ஒரு கேசட்டால். புரொபசரின் நினைவு நாள் கச்சேரி பதிந்த கேசட் ஒன்றை ஜெர்மனியிலிருந்து வந்த யாரோ மின்னாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவரிடம் கேசட் பெட்டி இல்லை, இனாயத்துல்லாவிடம் இருந்தது. போட்டார்கள். அறிவிப்பாளர் கனைத்துக்கொண்டு புரொபசர் பேரைச் சொன்னார், அதற்குப்பின் வெறும் காற்று. பெட்டிதான் கெட்டுவிட்டது என்று இனாயத்துல்லா அதை ரிப்பேருக்குக் கொடுத்தார். திரும்பி வந்த பெட்டியில் சினிமாப் பாட்டெல்லாம் ஜோராகப் பாடியது, இந்தக் கேசட் மட்டும் ஊமை. மின்னா அன்றைக்குக் கயிற்று மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த வருஷம் அரசாங்கம் நாட்டுக்கும் ஊருக்கும் பேரையே மாற்றியது, ரங்கூன் யாங்கோன் ஆனது. பேரில் என்ன இருக்கிறது என்று சொல்கிறவர்கள்தான் நாற்காலி கிடைத்ததும் முதலில் பேரை மாற்ற ஓடுகிறார்கள் என்றார் மின்னா.

ஜெர்மனியிலிருந்து சேதி மெல்ல மெல்லத்தான் வந்தது. புரொபசர் பேர் வைத்த மண்டபத்தில் புரொபசர் பேர் போட்ட சிம்பொனியை வாசித்திருக்கிறார்கள், எண்பது பேரும் வேர்த்து வழிய வாசித்தும் ஒரு முனகல்கூட வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர்கள் மண்டபத்துக் கூரையைப் பிரித்துக் கட்டினார்கள். தந்தி மாற்றினார்கள். வேறு ஊரில் போய் வாசித்துப் பார்த்தார்கள். பேரே சொல்லாமல் வாசித்தால் போர்வைக்குள் யாரோ இருமுவது போல் கொஞ்சம் கேட்டது, அதற்குமேல் இல்லை. கடைசியில் அவர்களில் யாரோ ஒருத்தருக்குப் புத்தி வேலை செய்து, புரொபசருக்கு ஒரு பெண்டாட்டி இருந்தாளே என்று ஞாபகம் வந்தது. யாங்கோனுக்கு எழுதி விசாரித்ததில் உத்தரவு விஷயமும் தெரிந்தது.

1994-ல் டாக்டர் பிரெண்டெல் என்று ஒருத்தர் வந்தார். புரொபசர் நினைவுக் கமிட்டியின் செயலாளர், நல்ல மனுஷன், வெயிலுக்குச் சிவந்து போய்ப் படியேறி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கமிட்டி ஒரு சமரசம் சொல்லி அனுப்பியிருந்தது. மின்னாவை ஜெர்மனிக்கு அழைத்துப் போவார்கள், வீடு கொடுப்பார்கள், புரை விழுந்த கண்ணுக்கு வைத்தியம் பார்ப்பார்கள். எல்லா உருப்படியிலும் புரொபசர் பேருக்குக் கீழே 'துணைவியாரின் உதவியுடன்' என்று போடுவார்கள். பதிலுக்கு அவர் உத்தரவைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மின்னா அவருக்குத் தேநீர் கொடுத்தார், பர்மிய வழக்கப்படி தின்ன ஊறுகாய்த் தேயிலை கொடுத்தார், வாசல் வரை வந்து வழியனுப்பினார். உத்தரவை எடுக்கவில்லை.

அன்றைக்குத்தான் சைதாவுக்கும் மின்னாவுக்கும் பெரிய சண்டை. சைதா மாடிக்குப் போய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ராத்தா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. ஒங்களுக்கு வயசாயிருச்சு. இப்படியே நீங்க கண்ணை மூடிட்டா, ஆயுசு பூரா எழுதினது எல்லாம் ஊமையாவே போயிருமே! பேருல என்ன இருக்கு? சத்தமாவது கேக்கட்டுமே." மின்னா சுருட்டைக் கீழே வைத்தார். "சத்தம் இருபது வருசம் கேட்டுச்சு சைதா. கேட்டவங்க எல்லாம் எந்திரிச்சு நின்னு அந்த ஆளைப் பாத்துக் கை தட்டினாங்க. முதல் வரிசையில உக்காந்து நானும் தட்டினேன். தட்டின கை இது." கையைத் தூக்கிக் காட்டினார். சைதா அந்தக் கையைப் பார்த்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை, பிடிவாதம் பிடித்த கிழவி என்று முணுமுணுத்துக்கொண்டேதான் இறங்கி வந்தாள். தன் பேரோடு அந்த இசை ஒரு தடவையாவது உலகத்தில் ஒலிக்கக் கேட்காமல் மின்னா செத்துவிடுவாரோ என்கிற பயம் அதற்கப்புறம் அவளைவிட்டுப் போகவில்லை. கயிறு முறுக்கும்போதெல்லாம் அதே நினைப்பு.

மின்னா வேறு வழி பார்த்தார். எண்பது பேர் வாத்தியக்குழு நமக்கு எங்கே கிடைக்கும் என்று உட்கார்ந்திருந்தவர் கண்ணில் ஒருநாள் தெருக் கயிறுகள் பட்டன. ஐந்து பேர் சேர்ந்து நிற்கத்தானே தடை? அவரவர் பால்கனியில் அவரவர் மணியை ஆட்டினால் அது கூட்டம் இல்லையே! உடனே கடைக்கு இறங்கி வந்து, மணிப் பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு மணியாகக் காதோரம் தட்டித் தட்டிப் பார்த்துப் பிரித்து வைத்தார். பாட்டுக் கூத்தெல்லாம் நமக்கு ஆகாதே என்று இனாயத்துல்லா தாடியைத் தடவினார். பத்திரிகை மணியை ஆட்டுவது பாட்டில் சேராது என்று சைதா பத்வா கொடுத்தாள். தெரு முழுக்க எந்த வீட்டுக்கு எந்த மணி என்று மின்னா சொல்லச் சொல்ல, சைதா பழைய மணிகளைக் கழற்றிப் புதிய மணிகளைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

தெருவில் நின்று கையை ஆட்டி நடத்த முடியாது, கையை ஆட்டினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் மின்னா தன் உருப்படியைக் காலையில் அவித்த பட்டாணி விற்க வருகிறவளின் கூவலில் கட்டினார். அவள் ஆற்றங்கரைச் சாலைப் பக்கமிருந்து 'பே ப்யோ' என்று நீட்டிக் கூவிக்கொண்டே தெருவுக்குள் நடப்பாள். எந்த வீட்டு வாசலில் எந்தக் கூவலுக்கு யார் மணி, எத்தனை ஆட்டு, எங்கே நிறுத்த வேண்டும் என்பதை எல்லாம் சைதா வீடு வீடாகப் போய்ச் சொல்லி மனப்பாடம் பண்ண வைத்தாள். பர்மியர் வீடுகளில் பர்மியத்தில் சொன்னாள், தமிழர் வீடுகளில் தமிழில் சொன்னாள். மூன்றாம் வீட்டுக் கமலாட்சி, "ஏன் சைதா, இதென்ன கூத்து, யார் போட்ட பாட்டு?" என்று கேட்டதற்கு, "நம்ம ஜெர்மன் புரொபசர் வூட்டம்மா போட்டது, மறக்காம ஆட்டு" என்றாள். எல்லாத் தமிழ் வீட்டிலும் அப்படித்தான் சொன்னாள். வயசில் மூத்த பெண்பிள்ளையைப் பேர் சொல்வது மரியாதை இல்லையே! இன்னார் வீட்டம்மா என்பதுதானே நம் வழக்கம்? சைதாவையே பாதித் தெரு இனாயத்துல்லா வூட்டம்மா என்றுதான் அறியும். பர்மியர் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அங்கே அவள் வாயிலும் தானாகவே 'தோ மின்னா' என்றுதான் வந்தது.

1996-ல் மழை விட்ட ஒரு காலையில் பட்டாணிக்காரி தெருவுக்குள் நுழைந்து முதல் கூவல் கூவினாள். பர்மியர் வீட்டு மணி ஒன்று ஒலித்தது. அதற்கு எதிர்வீட்டு மணி பதில் சொன்னது. மூன்றாவது கமலாட்சி வீடு. கமலாட்சி முந்தானையைச் செருகிக்கொண்டு மணியை ஆட்டினாள், சத்தம் இல்லை. இன்னும் வேகமாக ஆட்டினாள். மணியின் நாக்கு இடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு ஒன்றும் இல்லை. அடுத்து அய்யாசாமி வீடு, ஊமை. தெருக்கோடித் தமிழ்க்குடும்பம், ஊமை. சைதா தன் கடை வாசல் மணியை ஆட்டினாள், அதுவும் ஊமை. பர்மியர் மணிகள் அவரவர் முறைக்கு அழகாக ஒலித்துக்கொண்டே போக, நடுவில் தமிழர்கள் முறை வந்த இடமெல்லாம் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி விட்டது. "சைதா! நீ வித்தது ஊமை மணியாடீ!" என்று கமலாட்சி மேலிருந்து கத்தினாள். கடை மானம் போகிறதே என்று இனாயத்துல்லா தலையில் கை வைத்தார். மின்னா மூன்றாம் மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதி செத்துப்போன தன் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்த பிறகுதான் சைதாவுக்குச் சுருக்கென்று உறைத்தது. 'இன்னார் வூட்டுக்காரின்னு சொன்னாலும் திறக்கக் கூடாது' என்று அவர் போட்ட உத்தரவைத் தன் காதால் கேட்டவள் அவள்தான். மரியாதை என்று நினைத்து வீடு வீடாகப் போய் அந்த மனுஷியின் பேரைத் தானே தின்றுவிட்டிருக்கிறாள்.

சரி, இப்போது பேரைச் சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறக்கும்போது வார்டு தலைவர் ஊ பா ஷின் இரண்டு காவலர்களோடு தெருவுக்குள் வந்துவிட்டார். பட்டாணிக்காரி கூவலை நிறுத்தினாள், மணிகள் நின்றன, பால்கனிகளில் நின்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். ஊ பா ஷின் கடைக்கு நேரே வந்து, "இது யார் வேலை?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் அந்தக் கேள்விக்கு யாங்கோன் முழுக்க ஒரே பதில்தான், தெரியாது. தெரியாது என்றால் மின்னா தப்பிப்பார். பேரைச் சொன்னால் பிடித்துக் கொடுத்தது போலாகும், தங்கியிருக்கும் அனுமதியே போனாலும் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பாட்டு இந்த இடைவெளியோடேயே முடிந்துபோகும், இனி ஒருமுறை தெருவைக் கூட்ட முடியாது.  இனாயத்துல்லா பின்னாலிருந்து, "புள்ள, பேசாம இரு" என்று அவள் கையைப் பிடித்தார். அவள் மேலே பார்த்தாள். மின்னா பால்கனியிலிருந்து பாதி உடம்பு வெளியே தொங்க, சொல்லு, சொல்லு என்று இரண்டு கையாலும் சைகை செய்துகொண்டிருந்தார்.

சைதா கையை உதறிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தாள். "தோ மின்னா!" என்று பர்மியத்தில் தலைவர் முகத்துக்கு நேரே சொன்னாள். பிறகு தமிழர் வீடுகளைப் பார்த்து, ஒரு பெரிய மனுஷியை நடுத்தெருவில் பேர் சொல்கிற கூச்சத்தையெல்லாம் விட்டுவிட்டு, தொண்டை கிழியக் கத்தினாள். "கமலாட்சி! கேளு! புரொபசரும் இல்ல, வூட்டம்மாவும் இல்ல. மின்னா! இது மின்னா எழுதின பாட்டு! சொல்லிட்டு ஆட்டுங்க!" கமலாட்சி வாயைப் பிளந்தாள், பிறகு "மின்னா" என்று தயங்கிச் சொல்லிக் கயிற்றைத் தொட்டாள். மணி கணீரென்று பேசியது. அய்யாசாமி வீட்டில் சொன்னார்கள், தெருக்கோடியில் சொன்னார்கள். பட்டாணிக்காரிக்கு என்ன ஆவேசம் வந்ததோ, காவலர்களைச் சுற்றிக்கொண்டு தெருமுனைக்கே ஓடி முதல் கூவலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை ஓர் இடைவெளி இல்லை. ஒரு மணி முடிக்கும் இடத்தில் இன்னொரு மணி தொடங்கி, தெருவின் இந்தப் பக்கம் கேட்க அந்தப் பக்கம் சொல்லி, காகங்கள் கம்பியில் அசையாமல் உட்கார்ந்திருக்க, பாட்டு ஆற்றங்கரையிலிருந்து அனோரத்தா சாலைப் பக்கம் வரைக்கும் போய்த் திரும்பியது. காவலர்கள் எண்ணிப் பார்த்தார்கள். எந்தப் பால்கனியிலும் ஐந்து பேர் இல்லை. தலைவர் வீட்டுப் பால்கனியில் தலைவர் பெண்டாட்டி தன் முறைக்கு ஆட்டிக்கொண்டிருந்தார். மின்னா மேலே நின்று தேம்பித் தேம்பி அழுதார். சைதாவும் அழுதாள், தெருவில் பாதிப் பேர் அழுதார்கள், எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த எட்டு வருஷத்தில் அந்தத் தெருவில் எல்லோரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

மின்னாவை வார்டு ஆபீசுக்கு அழைத்துப் போய் விசாரித்தார்கள். அப்படியொரு விசாரணையை ஊ பா ஷின் தன் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. இதை எழுதியது நீயா என்று கேட்டார். ஆமாம், நானேதான் என்றார் மின்னா. பின்னால் யாரும் இல்லையா? எந்த ஆம்பளையும் உதவி செய்யவில்லையா? "ஒருத்தரும் இல்ல. முழுக்க நான். தயவு செஞ்சு இன்னொரு தடவை கேளுங்க" என்றார். கேட்கக் கேட்கக் கிழவியின் முகம் வெளிச்சமாகிக்கொண்டே போனதைப் பார்த்துத் தலைவருக்குக் கிலி பிடித்துவிட்டது, இனிமேல் இப்படிச் செய்யாதே என்று எச்சரித்துச் சாயங்காலமே அனுப்பிவிட்டார். புருஷனோடு வாழ்ந்த காலத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வியை இவர்கள் கேட்டார்கள் என்று மின்னா தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அடுத்த வருஷமும் மழை விட்டதும் மணிகள் ஒலித்தன. அதற்கடுத்த வருஷமும் ஒலித்தன. தடை போட்டார்கள், கயிறுகளை அறுத்தார்கள், சைதா புதிதாக முறுக்கிக் கொடுத்தாள். கடைசியில் தலைவருக்கும் அலுத்துப்போய், அந்தக் காலையில் மட்டும் வேறு வார்டுக்கு வேலையாகப் போய்விடுவார்.

2004-ல் மின்னா மவுத்தானார். தூக்கத்திலேயே போய்விட்டார், கண் பார்வை அதற்கு முன்னாலேயே போயிருந்தது, பிடிவாதம் மட்டும் அப்படியே இருந்தது. 2008-ல் நர்கிஸ் புயல் வந்து யாங்கோனில் மரங்களையெல்லாம் வேரோடு பிடுங்கிப் போட்டது, நாற்பத்தொன்பதாம் தெருவில் ஒரு கயிறும் மிஞ்சவில்லை. தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் அலைந்த அந்த மாதங்களிலும் ஜனங்கள் சைதாவிடம் வந்து கயிறு கேட்டார்கள், மழை விடுவதற்குள் வேண்டும் என்றார்கள். உத்தரவு மட்டும் போட்டவர் போன பிறகும் நின்றது. ஜெர்மனியில் அந்தச் சிம்பொனிகள் ஊமையாகவே கிடந்தன.

2010-ல் டாக்டர் பிரெண்டெல் மறுபடி வந்தார். இப்போது அவரும் கிழவர், கையில் கம்பு, கூட ஒரு பர்மிய வழிகாட்டி. கமிட்டியில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேர் இறங்கி வந்துவிட்டார்கள் என்றார். எப்படிச் சொன்னால் ஒலிக்கும் என்று கேட்டார். சைதா அவரை மாடிக்கு அழைத்துப் போய் மின்னாவின் பியானோவைத் திறந்துவிட்டாள். அவர் 'திருமதி புரொபசர்' என்று சொல்லிவிட்டு வாசித்தார், கட்டைகள் பஞ்சை அமுக்குவது போல் அமுங்கின. மின்னா என்ற பேரோடு புரொபசரின் குடும்பப் பேரைச் சேர்த்தார், அதே கதி. புரொபசரையும் மின்னாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "அவருக்கு ஒரு குடும்பப் பேர் வேண்டாமா? எங்கள் ஊரில் வெறும் பேரை எப்படி எழுதுவது?" என்று வழிகாட்டி மூலமாகப் பரிதாபமாகக் கேட்டார். சைதா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும் ஒங்களை மாதிரித்தான் வாப்பா, மரியாதை மரியாதைன்னு அவங்க பேரை முழுங்கிட்டு இருந்தேன். அவங்க பேரு மின்னா. இந்த ஊரு குடுத்த மரியாதை தோ. அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது, கீழயும் ஒண்ணும் கெடையாது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, "தோ மின்னா" என்று சொல்லிவிட்டுக் கட்டையில் விரலை வைத்தார். ஈரத்தில் ஊறிப் பாதிக் கட்டை செத்துப்போன பியானோதான், ஆனாலும் வந்த சத்தத்தில் கீழே கடையிலிருந்து இனாயத்துல்லா எழுந்து படியோரம் வந்து நின்றார்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே காலை, இங்கே சாயங்காலம், கடை டெலிபோன் அடித்தது. பிரெண்டெல் மண்டபத்துக்குள்ளிருந்து பிடித்துக்கொண்டிருந்தார். வழிகாட்டி கடைக்கு வந்து மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தான். யாரோ இருமினார்கள், நாற்காலிகள் நகர்ந்தன, ஒரு குரல் மேடையிலிருந்து, "தோ மின்னா, யாங்கோன்" என்றது. அதற்குப்பின் எண்பது பேரும் ஒரே மூச்சில் திறந்துவிட்டார்கள். சைதா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துக் கடை நடுவே நீட்டிப் பிடித்தாள், கமலாட்சியும் பட்டாணிக்காரியும் கிட்ட வந்து நின்று கேட்டார்கள். முடிந்ததும் கடல் இரைவது போல் கை தட்டினார்கள். யாரைப் பார்த்துத் தட்டுகிறார்கள் என்று சைதா கேட்டாள். மேடையில் காலியாக ஒரு நாற்காலி போட்டிருக்கிறது, அதைப் பார்த்து எழுந்து நின்று தட்டுகிறார்கள் என்றார் பிரெண்டெல். சைதா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கடைசியாக அவர் ஒன்று கேட்டார். பேரை ஒப்புக்கொண்டாகிவிட்டது, மண்டபத்துப் பேரையும் மாற்றப் போகிறார்கள், இனிமேலாவது அந்த உத்தரவை எடுத்துக்கொள்ளக் கூடாதா, ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டே வாசிக்க வேண்டியிருக்கிறதே என்றார். சைதா மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். "போட்டவங்க போயிட்டாங்க. எடுக்க எனக்கு உரிமை இல்ல, இருந்தாலும் எடுக்க மாட்டேன்." அவர் சரி என்றார். அதிலிருந்து அந்த ஊரில் அது பழகிவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவுவது மாதிரி, வில்லை எடுப்பதற்கு முன்னால் எண்பது பேரும் அந்தப் பேரை ஒரு தடவை சொல்லிக்கொள்கிறார்கள், பிறகு வாசிக்கிறார்கள், சத்தம் வருகிறது.